காரணம்: ஐந்நூறு எழுத்துகளுக்குள்

வால்டிவியாவில் மழை இன்னும் விடவில்லை.
செதில் ஒட்டிய கையோடு படிவம் நிரப்புகிறேன்.
பெயர்: எல்சீரா கார்காமோ.
தொழில்: ஆற்றங்கரைச் சந்தையில் மீன் அறுப்பது.
பொருள்: கைபேசி. வாங்கி ஏழு மாதம்,
தவணை இன்னும் ஐந்து பாக்கி.
பழுது: சார்ஜர் செருகும் வாய்
விழப்போகும் பால்பல் போல
உள்ளே ஆடுகிறது.

கம்பெனி எழுதியது பக்கத்தில் இருக்கிறது:
ஈரம் புகவில்லை. கீழே விழுந்த தடம் இல்லை.
மென்பொருள் மாற்றப்பட்டுள்ளது.
எனவே உத்தரவாதம் செல்லாது.

அந்த 'எனவே'யைத்தான் இரண்டு நாளாக
செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்
தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன்.
சிவப்பே இல்லை.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், ஐயா.
பற்றவைத்த ஈயம் விட்டுப்போன தகரத்துண்டுக்கு
உள்ளே எந்த எழுத்து ஓடுகிறதென்று
எப்படித் தெரியும்?
நேற்று வாங்கிய மீன் நாறுகிறதென்று
ஒருத்தி திரும்பி வந்தால்
நீ வேறு உப்புப் போட்டாய், போ
என்று சொல்லிவிட்டு
இந்தச் சந்தையில் நான் நிற்க முடியுமா?

ஆமாம், பூட்டைத் திறந்தேன். மறைக்கவில்லை.
திறந்துகொடுத்தது சிப்பி விற்கும் பௌஸ்தினோ,
ஒரு கிலோ சியெர்ரா மீனுக்கு.
திரை எச்சரித்தது. சரி என்று அமுக்கினேன்.
'நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க' என்றாள்
சேவை மையத்தில், மூக்கில் கண்ணாடி சரிந்த பெண்.
நான் ஒத்துக்கொண்டது திரையில் இருந்ததற்கு.
ஈயத்துக்கு இல்லை, மகளே.

அடுத்த கட்டம்:
மாற்றியதற்கான காரணம்
(ஐந்நூறு எழுத்துகளுக்குள்).

பேனா இங்கேதான் நின்றது.

வாங்கும்போதே அதற்குள் இருந்தது அது.
பச்சை வட்டம், நடுவில் சுழலும் காசு.
மற்றதற்கெல்லாம் 'நீக்கு' உண்டு,
அதற்கு மட்டும் இல்லை.
ஒளித்துவைத்தால்
அடுத்த புதுப்பிப்பில் முகம் கழுவி வந்து நிற்கும்.
விடிகாலை மூன்று மணிக்கு
'இன்று உங்களுக்கு ஒரு சுற்று இலவசம்'
என்று கிணுங்கும்.

ஒரு வீட்டுக்கு ஒரே கைபேசி.
மர ஆலையில் இரவு வேலை முடித்து வரும் அனிசெட்டோ
போன வருடம் படகின் மோட்டாரை
அந்த வட்டத்துக்குள் போட்டார்.
அதன்பின் ஒன்பது மாதம் தொடவில்லை.
அது கிணுங்கும்போது
கைபேசியைக் குப்புறக் கவிழ்த்து என்னிடம் நீட்டிவிட்டு
மழையில் போய் நிற்பார்.

எடுத்துவிடு என்று அவர் சொன்னதில்லை.
எடுத்துவிட்டேன் என்று நானும் சொல்லவில்லை.
ஒருநாள் மட்டும் கேட்டார்:
'அது எங்கே?'
'எது?'
பிறகு இரண்டு பேரும் அடுப்புக்கு விறகு வைத்தோம்.

இதை எப்படி எழுத?
இந்த ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும்
நான் மீன் அறுத்துக் கொடுத்த ஒருவராவது
அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

'இடம் போதவில்லை' என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது.
நல்லெண்ண அடிப்படையில் இலவசமாகப் பழுதுபார்ப்பார்களாம்.
ஒரே நிபந்தனை:
மென்பொருள் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே
மாற்றித் தரப்படும்.

வந்தபடியே.

கடைக்குப் பின்னால் கடல்சிங்கம்
தலைக்கும் குடலுக்கும் குரைத்துக்கொண்டிருந்தது.
வழக்கத்தைவிடப் பெரிய தலையாக எறிந்தேன்,
ஏனென்று தெரியாது.

பிறகு நுகர்வோர் அலுவலகத்துக்கு மூன்றாவது தாள்:
செருகும் வாயை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்.
உள்ளே கை வைக்க வேண்டாம்.

எழுத்தர் படித்தார்.
ஏன் என்று ஏதாவது இருக்கிறதா என
தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒரு செதில் மட்டும் ஒட்டியிருந்தது.
நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு
தேதி குத்தினார்.